இடுப்பை விட்டு ஏறிய பெல்ட்

பேச்சு நின்றுபோன வீட்டில் கதவுச் சத்தம் கூடிவிடும். அண்ணியின் வீட்டில் கொஞ்ச நாளாக அந்தக் கதைதான். அலமாரிக் கதவு, குளியலறைக் கதவு, கார்க் கதவு என்று மனிதர்கள் சொல்ல வேண்டியதை எல்லாம் கதவுகள் சொல்லிக்கொண்டிருந்தன.

காரணம் சின்னதுதான். சாப்பாட்டு மேஜையில் சின்னவன், அதாவது அண்ணியின் கொழுந்தன், பேச்சுவாக்கில் ஒரு வார்த்தையை விட்டான். "டிசைன் வேலையை வெளியில கொடுத்துடலாம்னு பார்க்கிறேன். அண்ணியும் கொஞ்சம் ஓய்வா இருக்கலாம்ல?" என்றான். குடும்பத் தொழிற்சாலையில் செய்கிற பெரிய எஃகுக் கலங்களுக்கெல்லாம், எவ்வளவு தடிமன், எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுகிறவள் அண்ணி. அவளுக்கு ஓய்வு வேண்டுமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

சின்னவன் பெண்டாட்டி அதற்கும் ஒரு படி மேலே போனாள். கல்யாணமாகி வந்து எத்தனையோ வருஷமாகியும் வீட்டில் அவளுக்குப் 'புதுசு' என்றுதான் பெயர். அந்தப் புதுசு, "முதல்ல அவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஓரகத்தியோடு சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஓரகத்திக்காகச் சண்டை போட்டுக்கொண்டு போனவள் இவள் ஒருத்திதான்.

அண்ணியின் புருஷனோ நடுக்கடலில் ஒரு எண்ணெய் மேடையில் வேலையாக இருந்தான். போன் எப்போது எட்டும், எப்போது எட்டாது என்று அவனுக்கே தெரியாது. ஆகவே தபால்காரர் உத்தியோகம் மாமனார் தலையில் விழுந்தது.

"டிசைன்ல கேட்டுச் சொல்லுங்கப்பா" என்பான் சின்னவன், டிசைன் என்பது ஏதோ தூரத்து இலாகா மாதிரி. "ஷாப்ல சொல்லிடுங்க மாமா" என்பாள் அண்ணி; தொழிற்சாலையில் கீழே இருக்கிற பட்டறைக்குத்தான் ஷாப் என்று பெயர். பெரியவர் மாடி ஏறுவார், மாடி இறங்குவார். முழங்கால் வலியைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். மற்ற எல்லாவற்றையும் பற்றித் திறப்பார்.

இப்படியாக வியாழக்கிழமை வந்தது. பால்பண்ணைக்காரர்களுக்குச் செய்த பெரிய கலத்துக்கு அன்றைக்குத்தான் சோதனை.

அந்தக் கலத்துக்கு மேலே உருளை, கீழே கூம்பு. பாலை உள்ளே விட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், அதிகச் சூடு இல்லாமலே பால் கொதித்துச் சுண்டும். ருசி கெடாது. ஆனால் உள்ளே காற்று இல்லையென்றால் வெளியே இருக்கிற காற்று சும்மா இருக்குமா? நாலா பக்கமும் நெருக்கும். உள்ளிருந்து அழுத்தினால் தகடு இழுபடும், ஒழுகும், ஏதாவது ஒரு விதத்தில் எச்சரிக்கும். வெளியிலிருந்து அழுத்தினால் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. நன்றாக நின்றுகொண்டே இருக்கும். பிறகு காலி டப்பாவைக் கையால் நசுக்கினதுபோல ஒரே மடங்காக மடங்கிவிடும்.

மடங்காமல் இருக்க வழி இரண்டு. தகட்டைத் தடிமனாகப் போடலாம். இல்லாவிட்டால் சுற்றி வளையம் போட்டு, தாங்கல் இல்லாமல் நிற்கும் நீளத்தைக் குறைக்கலாம். கூம்பும் உருளையும் சேருகிற மூலையில் அண்ணி ஒரு வளையம் போட்டிருந்தாள். ஷாப்பில் அந்த மூலைக்கு இடுப்பு என்று பெயர். வளையத்துக்கு பெல்ட்.

காலையில் அண்ணி தொழிற்சாலை மாடியில் தன் அறையில் இருந்தாள். சண்டைக்குப் பிறகு அவள் கீழே ஷாப்புக்கு இறங்குவதில்லை. ஆனால் அந்த அறைக்கு ஷாப்பைப் பார்க்க ஒரு பெரிய ஜன்னல் உண்டு, ரோஷத்துக்கு ஜன்னலைச் சாத்தும் அளவுக்கு அவள் போகவில்லை. கிரேன் கலத்தைத் தூக்கி நிறுத்துவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் காகிதத்தில் போட்டது எஃகாகி எழுந்து நிற்கும்போது இத்தனை வருஷம் கழித்தும் அவள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொள்வாள். அன்றும் ஒட்டிக்கொண்டாள்.

அப்புறம் வேறு காரணத்துக்காக ஒட்டிக்கொண்டாள்.

இடுப்பில் வெல்டிங் தையல் தெரிந்தது. பெல்ட் அதன் மேல் இருக்க வேண்டும். பெல்ட் இருந்தது, ஆனால் தையலுக்கும் அதற்கும் நடுவே ஒரு பட்டைத் தகடு பளபளத்தது. ஜன்னல் கோணத்தால் அப்படித் தெரிகிறதோ என்று அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தாள். இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தாள். எந்தப் பக்கம் போனாலும் பட்டை பட்டையாகவே இருந்தது.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியில் இறங்கினாள்.

ஷாப் முழுக்க அவளுக்கு அண்ணி என்றே பெயர். வெல்டரில் ஆரம்பித்து கிரேன்காரர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ரொம்ப நாள் கழித்து அவள் தரையில் கால் வைத்ததைப் பார்த்து ஃபோர்மேன் முகம் மலர்ந்தார்.

"வாங்க அண்ணி! சோதனையைப் பார்க்க வந்தீங்களா?"

"பெல்ட் ஏன் அங்க இருக்கு?"

"நாசில் இடிச்சதே அண்ணி. கீழ்ப் பக்கம் குழாய் மாட்டுற அந்த நாசிலுக்குச் சுத்தித் தகடு வச்சோம்ல, அது பெல்ட் மேல வந்து உக்காருது. அதான் ஒரு சாண் மேல ஏத்தினோம்." அவர் குரல் மெதுவாகத் தடுமாறியது. "உங்ககிட்ட கேட்டாச்சுன்னு சின்னவர் டிராயிங்லயே எழுதியிருக்காரே?"

அவர் டிராயிங்கை விரித்துக் காட்டினார். சிவப்பு மையில் சின்னவன் கையெழுத்து. 'வளையம் இருநூறு மில்லி மேலே. டிசைனில் கேட்டாயிற்று.'

 அந்தப் பக்கம் கூம்பின் அடிவாயில் பம்ப்பின் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பால்பண்ணை அனுப்பியிருந்த இன்ஸ்பெக்டர் ஒரு மேஜை ஓரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். காபி முடிந்ததும் அளவெல்லாம் பார்த்துவிட்டு பம்ப்பை ஓட்டச் சொல்வார். சின்னவன் அழுத்தம் காட்டும் கேஜைத் துடைத்துக்கொண்டிருந்தான். தூண் ஓரத்து நாற்காலியில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நிறுத்த வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஊரான் எதிரில், 'இந்த டிசைன் தாங்குமா என்று எனக்கே தெரியவில்லை' என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். 'இதுக்குத்தான் வெளியில கொடுக்கலாம்னேன்' என்று சின்னவன் சொல்ல, அதைவிட வசதியான ஒரு நாள் வாய்க்காது. அந்த மாடி அறை, அந்த ஜன்னல், அந்த வேலை எல்லாமே அன்றோடு சரி.

அவள் ஒரு மூச்சு இழுத்தாள்.

"பம்ப்பைப் போடாதீங்க!"

சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. குழாய் மாட்டினவர் கையை எடுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

சின்னவன் அவளைப் பார்க்காமல் தூண் பக்கம் திரும்பினான். "என்னவாம்பா டிசைனுக்கு?"

அண்ணியும் பழக்க தோஷத்தில் தூண் பக்கமே திரும்பினாள். "மாமா, அவங்ககிட்ட..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஒரு கலம் நசுங்கப் போகிறது, நாம் இன்னும் தபால்பெட்டி தேடிக்கொண்டிருக்கிறோமே என்று தோன்றியது.

"தம்பி," என்றாள். "இந்த பெல்ட்டை ஏத்தச் சொல்லி உனக்கு யார் சொன்னது?"

நேரே அவனைப் பார்த்து அவள் பேசியதும் சின்னவன் ஒரு கணம் விழித்தான். "நீங்கதானே? அப்பாகிட்ட கேட்டு அனுப்பினேனே. சரின்னுட்டாங்கன்னு வந்து சொன்னாரே."

"மாமா என்கிட்ட எதுவும் கேக்கலையே."

இருவரும் தூண் பக்கம் திரும்பினார்கள். ஃபோர்மேனும் திரும்பினார். விஷயம் புரியாவிட்டாலும் மரியாதைக்கு இன்ஸ்பெக்டரும் திரும்பினார். பேப்பர் மெள்ள மெள்ள உயர்ந்து பெரியவரின் முகத்தை மறைத்தது.

"அப்பா!"

பேப்பர் இறங்கியது. முகத்தில் ஈயாடவில்லை.

"அன்னிக்கு மாடிக்கு வந்தேம்மா. சத்தியமா வந்தேன். நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தே. கேட்டா நீ முடியாதும்பே. இவன் முடியும்பான். நான் ஏறி ஏறி இறங்கணும். ஒரு சாண்தானே, அதுல என்ன வந்துடப் போகுதுன்னு நானே..." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நானே சரின்னு சொல்லிட்டேன்."

"என்னப்பா இது! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க!"

"என் காலத்துல நான் செஞ்சதெல்லாம் உள்ள காத்தடிக்கிற டாங்க்குடா. அதுல பெல்ட் ஒரு சாண் அப்படி இப்படி இருந்தா எவனும் கேட்டதில்ல."

"அது உள்ளேருந்து தள்ளுறது மாமா," என்றாள் அண்ணி. அவர் மீது கோபப்படக்கூட அவளுக்கு நேரமில்லை. "இது வெளியிலேருந்து நசுக்குறது. இடுப்புல கட்ட வேண்டிய பெல்ட்டை நெஞ்சுல கட்டினா இடுப்பை யாரு பிடிச்சுப்பாங்க? அந்த மூலை ஒரு தாங்கல்னு நினைச்சுத்தான் நான் கூம்புக்குக் கணக்குப் போட்டேன். இப்ப அது தாங்கல் இல்ல. கூம்போட நீளமும் அதுக்கு மேல இந்த ஒரு சாணும் சேர்ந்து ஒரே நீளமா, பிடிமானமே இல்லாம நிக்குது."

அவள் ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, அங்கே கிடந்த ஒரு தகட்டின் மேலேயே குந்தி உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தாள். விட்டங்கள், நீளம், கூம்பின் சாய்வு, தகடு எட்டு மில்லி. தோராயக் கணக்குதான், ஆனால் அவள் தோராயம் அதிகம் பொய் சொல்லாது. கூம்பு தாங்கும் அழுத்தம் இவ்வளவுதான் என்று கடைசி வரியில் வந்த எண்ணைப் பார்த்தாள். வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கீழே நின்றது.

"தாங்காது," என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது. "சோதனை இன்னிக்கு வேண்டாம்."

 சின்னவன் குனிந்து அந்தச் சாக்குக்கட்டி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். 'இதுக்குத்தான்' என்ற வார்த்தை எப்போது வரும் என்று அண்ணி காத்திருந்தாள்.

"இது தப்பு," என்றான் அவன்.

"எது தப்பு?"

"தகடு எட்டு இல்ல. பத்து."

"நான் போட்டது எட்டு தம்பி."

"நீங்க போட்டது எட்டுதான். நான் வாங்கினது பத்து." அவன் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டான். அவன் சிக்கிக்கொண்டால் அப்படித்தான் சொறிவான், பள்ளிக்கூடத்துப் பழக்கம் என்று பெரியவர் சொல்வார். "நீங்க சாய்வுக் கழிவை விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்."

இந்தச் சாய்வுக் கழிவு என்ன என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. தகடு சாய்ந்து நிற்பதால், கூம்புக்குக் கணக்குப் போடும்போது தகட்டின் முழுத் தடிமனையும் வரவு வைத்துக்கொள்ள மாட்டார்கள். சாய்வுக்குத் தக்கபடி கழித்துக்கொண்டுதான் வைப்பார்கள். அந்த வீட்டில் அதற்குச் சாய்வுக் கழிவு என்று பெயர். அண்ணி அதைக் கழித்துப் பார்த்துத்தான் எட்டு மில்லித் தகடு போதும் என்று எழுதியிருந்தாள். கழித்தாயிற்று என்று பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. சின்னவனோடு பேசிக்கொண்டிருந்த காலமாயிருந்தால் எழுதியிருக்கவும் வேண்டாம், அவன் படியேறி வந்து கேட்டிருப்பான்.

"நான் கழிச்சுட்டுத்தானே எட்டு போட்டேன்!"

"எனக்கு எப்படித் தெரியும்? எட்டுன்னு மொட்டையா இருந்துது. இது கழிச்ச பிறகு மிஞ்ச வேண்டிய தடிமன் போலிருக்கு, அப்ப தகடு இன்னும் கூட வேணுமேன்னு நினைச்சேன். கழிச்ச பிறகு எட்டு மிஞ்சணும்னா எவ்வளவு வேணும்னு பார்த்தேன். ஒன்பதைத் தாண்டுச்சு. அதான் பத்து வாங்கிட்டேன்."

"கேக்க வேண்டியதுதானே?"

"எப்படி அண்ணி கேக்கிறது?"

அவன் வாயில் 'அண்ணி' என்ற வார்த்தை வந்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்குத்தான் தெரியும். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, மேலே பேசிக்கொண்டே போனான்.

"ஏற்கனவே நான் வாயை விட்டு வீடே இப்படிக் கிடக்குது. இதுல போய், உங்க கணக்குல தப்பு இருக்குன்னு ஆள் அனுப்பிச் சொன்னா என்ன ஆகும்? டிசைனை வெளியில கொடுக்கறதுக்குக் காரணம் தேடறான்னு நினைப்பீங்க. ஷாப்ல நாலு பேர், அண்ணி தப்புப் பண்ணிட்டாங்கன்னு பேசுவாங்க. அது எனக்குப் பிடிக்கல. அதான் சத்தம் போடாம நானே சரி பண்ணிடலாம்னு..."

"நான் பண்ணாத தப்பை நீ சரி பண்ணியிருக்கே!"

"ஆமா," என்றான் சின்னவன் பரிதாபமாக.

கோபப்படுவதா சிரிப்பதா என்று அண்ணிக்குத் தெரியவில்லை. தன் பேர் கெடக்கூடாது என்று யாருக்கும் தெரியாமல் ஒருவன் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனைப் போய் இத்தனை நாள் வில்லனாக வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோமே என்று இருந்தது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "தகடு பத்துங்கிறதைத் தகட்டுச் சான்றிதழ்ல நானும் பார்த்தேன். கூடுதல் பாதுகாப்புக்குப் போட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"அதேதான் சார்," என்றார் பெரியவர் அவசரமாக.

"மாமா, நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருங்க," என்றாள் அண்ணி. பிறகு இன்ஸ்பெக்டரிடம், "சார், பத்துன்னு சான்றிதழ்ல இருந்தா போதாது. கூம்புல நாலு பக்கமும் தடிமன் மீட்டர் வச்சுப் பார்த்துச் சொல்லுங்க. பெல்ட் உண்மையில எங்க நிக்குதுன்னு தம்பி டேப் போட்டு அளக்கட்டும். நான் மேல போய் முழுக் கணக்கையும் புதுசாப் போடுறேன். தாங்கும்னு வந்தா சோதனை. வரலைன்னா பெல்ட்டை வெட்டி எடுத்து, இடுப்புல புதுசா ஒண்ணு கட்டுறோம்."

"அதுக்கு ஒரு மாசம் ஆகுமேம்மா. பால்பண்ணையில ஒத்துக்க மாட்டாங்களே."

"ஒத்துக்கலைன்னாலும் அதுதான் சார்."

அளந்து முடித்ததும் சின்னவன் மாடிக்கு வந்தான். வாசலில் கொஞ்சம் தயங்கினான். அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் மேல் அண்ணி கோபத்தில் பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருந்தாள். இப்போது அவளே எழுந்து அவற்றைத் தரையில் வைத்தாள். அவன் உட்கார்ந்தான்.

அவன் படித்தான், அவள் கம்ப்யூட்டரில் அடித்தாள். பெல்ட்டிலிருந்து தையல், தையலிலிருந்து கூம்பின் வாய். பெல்ட் மேலே போனதில் உருளையின் தாங்கல் இல்லாத நீளம் கொஞ்சம் குறைந்திருந்தது, அது நல்லதுதான். கூம்பின் பக்கம்தான் கண்டம். இந்தத் தடவை சாய்வுக் கழிவை ஒரே ஒரு தரம் கழித்தார்கள், கழித்ததைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

"அண்ணி, அன்னிக்கு நான் பேசினது..."

"கணக்கு ஓடுது. பேசாதே."

 இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண் வந்தது.

தாங்கும் என்று வந்தது. தாராளமாக இல்லை, ஆனாலும் வெளிக்காற்று கொடுக்கப் போகும் அழுத்தத்தைத் தாண்டி நின்றது. மூலையில் தகடு போதுமா என்று தனியாகப் பார்த்தார்கள், அதுவும் போதும் என்றது. எட்டு மில்லியாக இருந்திருந்தால் போயிருக்கும். பத்தாக இருந்ததால் பிழைத்தது.

அண்ணி நம்பவில்லை. "நீ இங்க வா. நான் படிக்கிறேன், நீ அடி" என்று இடம் மாற்றிக்கொண்டு மறுபடி போட்டார்கள். அதே எண் வந்தது.

"வயித்துல பாலை வார்த்தே போ," என்று அண்ணி நாற்காலியில் சாய்ந்தாள். அவளுக்கு முதுகு முழுக்க வியர்த்திருந்தது. "தம்பி, நீ என்னை நம்பாததாலதான் இன்னிக்கு என் மானம் தப்பிச்சுது."

"நம்பாம இல்ல அண்ணி."

"சரி, நம்பினே. ரொம்ப நம்பினே. அதான் எனக்குத் தெரியாமத் தகடு வாங்கினே."

சின்னவன் சிரிக்கவில்லை. "டிசைனை வெளியில கொடுக்கலாம்னு சொன்னேன் பாருங்க. நீங்க அண்ணன் இல்லாம தனியா, காலையில ஷாப்பு, சாயங்காலம் வீடுன்னு கஷ்டப்படறீங்களேன்னுதான் மனசுல இருந்துது. ஆனா வாயில வந்தது வேற. உங்களைக் கேக்காம நான் அதை யோசிச்சதே தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

அண்ணி கணக்கைப் பிரிண்ட் போட்டாள். "மன்னிச்சாச்சு. ஆனா இனிமே எதுவா இருந்தாலும் நீயே படி ஏறி வந்து கேளு. மொட்டையா எண்ணை எழுதினது என் தப்பு. நானும் இறங்கி வர்றேன்."

புதுக் கணக்கை இன்ஸ்பெக்டர் வரி வரியாகப் பார்த்தார். பெல்ட் இருக்கும் இடத்தையும் தகட்டின் உண்மைத் தடிமனையும் போட்டு டிராயிங்கைத் திருத்தித் தர வேண்டும் என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பம்ப் ஓடியது. கேஜின் முள் கீழே போகப் போக ஷாப்பில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைவேலையை நிறுத்தினார்கள். அண்ணிக்குத் தெரியும், தப்பாகப் போனால் டமாரென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அவள் சின்னவனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததை அவளே அறியவில்லை. முள் கடைசிக் கோட்டில் போய் நின்றது. பம்ப்பை நிறுத்தினார்கள். கலம் நின்றது. ஒரு சின்ன 'டக்' கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துக்கொண்டு கூம்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடுப்பைத் தடவிப் பார்த்தார். நேர்கோல் வைத்துப் பார்த்தார். உரிய நேரம் கழிந்ததும், "பாஸ்" என்றார்.

ஷாப்பே கைதட்டியது. அண்ணி ஒரு கருவிப்பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மறுபடி சிரித்தாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்றார் பெரியவர், தனக்கு இதில் சம்பந்தமே இல்லாததுபோல.

சாயங்காலம் மூவரும் ஒரே காரில் வீட்டுக்கு வந்தார்கள். வழியெல்லாம் பேச்சுதான். கார்க் கதவு அன்றைக்கு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அண்ணி காபி போட்டாள், சின்னவன் கோப்பைகளை எடுத்து வைத்தான். ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்துவிட்டதுபோல அவளுக்கு மூச்சு லேசாக வந்தது.

பெரியவர் மட்டும் காபியைத் தொடவில்லை. கோப்பையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"ஏன் மாமா? முழங்காலா?"

"இல்லம்மா." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் கொண்டுவந்து சேர்க்காத சேதி அது ஒண்ணு மட்டும் இல்ல."

கோப்பைகள் அப்படியே நின்றன.

"இன்னொண்ணும் இருக்கு. புதுசு போன் பண்ணிச்சு. நீங்க ரெண்டு பேரும் முகம் பார்த்துக்காம இருந்தீங்கல்ல, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..."

"என்னப்பா சொன்னா?" சின்னவன் எழுந்தே விட்டான்.

"வியாழக்கிழமை சாயங்கால வண்டியில வர்றேன்னுச்சு. அவரும் அக்காவும் ஒண்ணாச் சேர்ந்து ஸ்டேஷனுக்கு வரணும்னுச்சு. ஒருத்தர் மட்டும் வந்தாலோ, ரெண்டு பேரும் வராம இருந்தாலோ, இறங்காம அப்படியே அடுத்த ஊருக்குப் போயிடுவேன், அப்புறம் என்னைக் கூப்பிடவே வேண்டாம்னு சொல்லுச்சு."

"வியாழக்கிழமைன்னா இன்னிக்குப்பா!"

"அதான் சொல்றேன்."

அண்ணி கார்ச் சாவியைத் தேடவில்லை, பறித்தாள். இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் முழங்காலையும் பொருட்படுத்தாமல் கேட் வரைக்கும் வேகமாக வந்துவிட்டார். கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் புதுசின் பெயர்.

எடுப்பதற்கு விரல் போனது. போன விரல் அப்படியே நின்றது. அவர் கார் ஜன்னல் வழியே போனை மகனின் கையில் திணித்தார்.

"இந்தா, நீயே பேசு. என் தபாலாபீசை மூடியாச்சு."

சின்னவன் போனைக் காதில் வைத்தான். "ஹலோ" என்றான். அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. அது அழுகையின் ஆரம்பமா, சிரிப்பின் ஆரம்பமா என்று அண்ணிக்குப் பிடிபடவில்லை.

"என்னடா சொல்றா? வண்டி வந்துடுச்சா? இறங்கிட்டாளா?"

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஸ்டேஷனுக்கு நேர் எதிர்த் திசையில் கையைக் காட்டினான்.

"அந்தப் பக்கம் விடுங்க அண்ணி. நம்மைக் காணோம்னு இறங்காமப் போயிட்டா, அடுத்த ஊர் ஸ்டேஷன்ல நமக்காக நிக்கிறாளாம். சீக்கிரம்."